செம்பூர் வடாம் வழக்கு

மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே வாழ்நாள் முழுவதும் சம்பளம் வாங்கியவன் நான். மும்பையில் ஒரு ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர் ஒருவர் 'தீ விபத்தில் மூவர் காயம்' என்று எழுதிக்கொண்டு வந்தால், 'யார் சொன்னது? ஆஸ்பத்திரியா, போலீஸா, பக்கத்துக் கடைக்காரரா?' என்று குடைந்தெடுத்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புவேன். இப்படிப்பட்டவன் ஓய்வு பெற்றால் வேலைதான் போகும். வியாதி போகாது.

அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே நூடுல்ஸ் கடை வந்தது.

நான்கு மாடிக் கட்டடம். மேலே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் நிறைந்த மாதுங்காவில் இடம் போதாமல் இங்கே வந்தவர்கள். கீழே தெருவைப் பார்த்த மாதிரி ஒரு மருந்துக் கடை, ஒரு இஸ்திரிக் கடை, வெகுநாளாக ஷட்டர் இறக்கிய ஒரு போட்டோ ஸ்டுடியோ. அந்த ஸ்டுடியோவைத்தான் ஷாகுல் எடுத்தார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. இவருக்குத் தோல் பிடிக்கவில்லை, வாணலி பிடித்திருந்தது. பலகையில் சிவப்பு எழுத்தில் 'நூடுல் நவாப்' என்று பெயர் வைத்தார். மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, கடையை முழுச் சைவமாகவே தொடங்கினார். முட்டைகூடக் கிடையாது.

அப்படியும் கட்டடம் இரண்டாகப் பிளந்தது. பிள்ளைகள் எல்லாம் கடை கட்சி. பெரியவர்கள் எதிர்க்கட்சி. கேட்டை மறித்துப் பைக் நிறுத்துகிறார்கள், எண்ணெய்ப் புகை வருகிறது, ராத்திரி பாத்திரம் உருட்டுகிறார்கள் என்று புகார்கள். (கடைக்காரரின் பெயரைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட சிரமம் நன்றாகவே தெரிந்தது.) எல்லாவற்றுக்கும் மேலாக, கடையின் புகைக்குழாய் கட்டடத்தின் பின்சுவரில் ஏறி மொட்டைமாடிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

மொட்டைமாடி என்றால் எங்களுக்கு வடாம். பங்குனி பிறந்தால் அங்கே வேறு எதற்கும் இடம் கிடையாது. ஜவ்வரிசி வடாம், இலை வடாம், நாழியில் பிழிந்த ஓமப்பொடி வடாம் என்று மாடி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடக்கும். காக்காயை விரட்ட ஒரு கறுப்புக் குடை விரித்து வைத்திருக்கும். மாடிச் சாவி அலமேலு மாமியிடம். மாமி வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்போர் சொசைட்டியின் செக்ரெட்டரி, வடாம் விவகாரத்தில் கடைசித் தீர்ப்பு சொல்பவர். எந்த வீட்டுக்கு எந்த நாள், எந்த மூலை என்று மாமிதான் பிரித்துக் கொடுப்பார். மறுபேச்சு கிடையாது.

அந்த வருடம் வடாம் துறையில் நானும் ஒரு சீர்திருத்தம் செய்திருந்தேன். காலங்காலமாகப் பழைய வேஷ்டியில்தான் பிழிந்து காயவைப்பார்கள். காய்ந்ததும் வேஷ்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். பாதி உடையும், மீதியில் நூல் ஒட்டிக்கொண்டு வரும். 'இதற்கு ஒரு வழுவழுப்பான விரிப்பு இருந்தால் தானாகவே கழன்று வருமே' என்று நான் ஆராய்ந்து சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், பெரிய வெள்ளை ஃப்ளெக்ஸ் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மாடியில் விரித்து மாமியிடம் ஒப்படைத்தேன். வடாம் சும்மா சலசலவென்று கழன்று வந்தது. மாமி அசந்துபோனார்.

"எங்கே கிடைச்சுது, ராகவன்?"

"ஒரு எடத்துல கிடைச்சது மாமி" என்றேன். செய்தி தந்தவரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அது என்னிடம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

சித்திரை முதல் நாள் காலை மாமி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் தட்டு, தட்டில் அப்போதுதான் பொரித்த வடாம்.

"மோந்து பாருங்கோ."

மோந்தேன். ஏதோ ஒரு காரமான, மூக்கின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிற நெடி.

"இது ஷெஸ்வான்" என்றேன், துளியும் தயங்காமல். (அதுவரை நான் ஷெஸ்வான் என்ற நூடுல்ஸ் காரச் சாஸை வாயில் வைத்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம்.)

"நானும் அதான் நெனச்சேன். அந்தக் கொழாய்லேருந்து வர்றது. பாவி, வருஷத்து வடாம் அத்தனையும் நாத்தம் அடிக்கறது!"

என் மனைவி சித்ரா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். "ஷெஸ்வான்னா பூண்டு வாசனைன்னா வரணும்? இது என்னமோ புதுச் செருப்பு மாதிரி இருக்கு."

"நீ சும்மா இரு" என்றேன். நிருபர்களிடம் இதைவிட மரியாதையாகப் பேசியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சொசைட்டி கூட்டம். மாநகராட்சி வார்டு ஆபீஸுக்குப் புகார் கொடுப்பது என்று முடிவானது. யார் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. எல்லோருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கோ, ஓய்வு பெற்ற பிறகு யாராவது எதையாவது எழுதச் சொல்ல மாட்டார்களா என்று கையெல்லாம் அரித்துக்கொண்டிருந்தது.

நான் எழுதிய கடிதங்களிலேயே சிறந்தது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். தென்னிந்தியக் குடும்பங்களின் பாரம்பரிய உணவு, கோடையின் ஒரே சேமிப்பு, ஒரு புகைக்குழாயின் அத்துமீறல். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. படித்தால் கல்லும் கரையும். கரைந்ததோடு, கடைக்கு உரிமம் கொடுக்கக் கூடாது என்றும் தோன்றும். ஷாகுலுக்கு அப்போது தற்காலிக அனுமதிதான் இருந்தது. அதிகாரி வந்து பார்த்து, குழாயால் குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று எழுதிவிட்டால் குழாயை எடுக்க வேண்டும். குழாய் இல்லாமல் அடுப்பு எரியக் கூடாது. அடுப்பு இல்லாமல் நூடுல்ஸ் ஏது?

இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் ஷாகுல் என்னைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சார், நீங்கதான் எழுதுனியளாமே."

"சொசைட்டி எழுதினது, ஷாகுல். நான் வெறும் கைதான்."

"அதில்ல சார். நீங்க பேப்பர்காரவுக. நீங்க ஒண்ணு எழுதுனா ஆபீஸ்ல அப்டியே நம்பிருவாவ. அதான் கேக்கேன், அந்த வாசனை என் கடையிலேருந்துதான் வருதுன்னு நல்லாப் பாத்துட்டுத்தான எழுதுனிய?"

"பாத்துட்டுத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி சார். நான் பட்டறைய விட்டுட்டு வரும்போது வாப்பா ஒண்ணும் திட்டல. போ, உன் தையல் மெஷின அப்டியே வச்சிருக்கேன், நாளைக்கு வருவன்னுட்டாவ. இன்னிக்கு வரைக்கும் அந்த மெஷின்ல வேற ஆள ஒக்கார வைக்கல. டெய்லி துணி போட்டு மூடி வைக்காவ. அதுல போய் நான் திரும்ப ஒக்காரக் கூடாது சார், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி வேறு, சங்கடம் வேறு என்று பழகியவன் நான். அதோடு, அதிகாரி வருகிற நாளுக்கான ஏற்பாடுகள் வேறு இருந்தன.

அந்த ஏற்பாடும் என் யோசனைதான். "பொரிச்ச வடாமைக் காட்டினா, உங்க வீட்டு எண்ணெய் வாசனைம்பான்" என்று மாமியிடம் சொன்னேன். "அன்னைக்குக் காத்தாலேயே புதுசாப் பிழிவோம். அந்தக் குழாய்க்குப் பக்கத்துலேயே காயவைப்போம். அவர் வரும்போது, குற்றம் நடக்கிற இடத்துலேயே சாட்சி இருக்கணும்."

"என்ன மூளை உமக்கு!" என்றார் மாமி. அந்தப் பாராட்டை என்னால் ரொம்ப நாள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

குறித்த நாளில் விடியும்போதே மாமி பிழிந்து முடித்துவிட்டார். என் புகழ்பெற்ற ஃப்ளெக்ஸ் குழாயடியில் விரிந்து கிடந்தது. மே மாத வெயிலில் பத்து மணிக்கெல்லாம் நெடி ஜம்மென்று கிளம்பிவிட்டது. நான் குனிந்து முகர்ந்து திருப்தியடைந்தேன்.

அதிகாரி வந்தார். பருமனான மனிதர். நான்கு மாடி ஏறிய களைப்பில் கைக்குட்டையை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஒரே அளவு வெறுப்போடு பார்த்தார். அவருக்குப் பின்னால் ஷாகுல், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு. மொட்டைமாடியில் மாமி, நான், சித்ரா, இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள்.

"யே க்யா ஹை? பாபட்?" என்றார்.

"பாபட் நஹி சாப், வடாம்" என்று நான் ஆரம்பித்தேன். அரிசி, கூழ், பச்சைமிளகாய் என்று என் ஹிந்தி திணறிக்கொண்டு போனபோது மாமி குறுக்கே புகுந்தார். "பாபட் கி மௌஸி கி லட்கி!" அப்பளத்தின் சித்தி பெண். அதிகாரிக்கு உறவுமுறை விளங்கிவிட்டது. தலையை ஆட்டினார்.

நான் குழாயைக் காட்டினேன். வடாமைக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்தேன். முகர்ந்து பாருங்கள் என்றேன்.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். நாங்கள் எல்லோரும் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிமிர்ந்தவருடைய முகத்தில் அன்று முதன்முறையாக ஒரு உயிர் தெரிந்தது. தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்ட மாதிரி.

"யே தோ பேனர் கா பாஸ் ஹை" என்றார். இது பேனர் வாசனை ஆயிற்றே!

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கடைக்கு உரிமம் கொடுக்கிற அவருடைய பிரிவுக்குத்தான் ரோட்டில் அனுமதியில்லாமல் கட்டுகிற பேனர்களை அவிழ்க்கிற வேலையும். பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து, தலைவர் வருகை என்று அவிழ்த்து அவிழ்த்து ஜீப்பில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார். சட்டையெல்லாம் இந்த மை வாசனை. வீட்டுக்குள் நுழைந்தாலே பெண்டாட்டி சட்டையைக் கழற்றி வாசலிலேயே போடச் சொல்கிறாள்.

"இல்லை சார், வாசனை அந்தக் குழாயிலிருந்து வருகிறது" என்றேன். தலையங்கம் எழுதுகிற குரலில் சொன்னேன்.

அப்போதுதான் ஷாகுல் மெதுவாக வாயைத் திறந்தார். "சார், காலையிலேருந்து அடுப்பே பத்த வைக்கல. ஆபீசர் வாராவன்னு கடை தொறக்கவே இல்ல. ஷட்டர் இறங்கித்தான கெடக்கு."

எல்லோரும் குழாயை நிமிர்ந்து பார்த்தோம். அதன் வாயில் ஒரு காக்காய் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதிகாரி என் ஃப்ளெக்ஸின் ஒரு மூலையைப் பிடித்தார். "ஐயோ வடாம்!" என்று மாமி பாய்வதற்குள் அவர் தூக்கிவிட்டார். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டு, பாதி வடாமை உதறிவிட்டு, புரண்டு விழுந்தது.

பின்பக்கத்தில், ஆளுயரத்துக்கு, செக்கச்செவேல் என்று, ஒரு தட்டு நூடுல்ஸ். இரண்டு குச்சிகள். ஆவி பறப்பதுபோல் வரைந்த வெள்ளைக் கோடுகள். மேலே கொட்டை எழுத்தில்: 'நூடுல் நவாப். விரைவில் உங்கள் செம்பூரில்.'

ஒரு ஓமப்பொடி வடாம் நூடுல்ஸ் படத்தின்மேல் விழுந்து, அதோடு அதாகக் கலந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ராகவன்" என்றார் மாமி. வங்கியில் கணக்குத் தப்பாகப் போட்ட குமாஸ்தாவைக் கூப்பிட்ட குரல் அதுவாகத்தான் இருந்திருக்கும். "இத எங்கேருந்து கொண்டு வந்தேள்?"

தொழில் தர்மம் முப்பது வருடத்தில் முதல்முறையாக முறிந்தது. "கீழேருந்து" என்றேன்.

"கீழேருந்துன்னா?"

"நானாத்தான் குடுத்தேன் மாமி" என்று ஷாகுல் முந்திக்கொண்டார். "போன் நம்பர் தப்பாப் போட்டுட்டான் பிரிண்ட்காரன். கட்டவே இல்ல. சும்மாக் கெடந்துச்சு."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். உண்மை என்னவென்றால், கடை திறக்கிற அன்று கீழே போன நான், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அந்த பேனரைப் பார்த்துவிட்டு, "வீணாத்தானே போகப் போறது, குடுங்கோ" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். மேலே கொண்டுவந்து விரித்தபோது வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. பிறகு இடம் மாற்றும்போது தரையோடு இழுத்துக்கொண்டு போனோமே தவிர, யாரும் புரட்டவில்லை. அன்றோடு சரி, அதற்கு இன்னொரு பக்கம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோனது. மை முழுக்கக் காயாத புது பேனர், கீழே சூடான தரை, மேலே வெயில். நடுவில் எங்கள் வருடத்து வடாம்.

"கேட்டு வாங்கினேன்" என்றேன்.

சித்ரா அப்போதும் 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து மற்றொருத்தி. கடைசியில் மாமியின் முகமே ஆட்டம் கண்டது. "புதுச் செருப்புன்னு அன்னைக்கே சொன்னாளே இவ" என்று சொல்லிவிட்டு, வெடித்துச் சிரித்தார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரும் சிரித்தார். ஷாகுல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அதிகாரியின் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கடிதம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதிகாரி மட்டும் மாடி ஏற அலுத்துக்கொண்டு, ஆபீஸிலேயே உட்கார்ந்து அதைப் படித்து, நம்பி, எழுதிக் கொடுத்திருந்தால்? ஒரு கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும். தாராவியில் ஒரு தையல் மெஷின்மேல் போட்ட துணியை எடுத்திருப்பார்கள். நான் அதைச் சாதனை என்று நினைத்துக்கொண்டு இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். பரீட்சையில் தப்பான கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, மணி அடிப்பதற்குள் கவனித்துவிட்ட பையனுடைய நிம்மதி.

"புகார் வாபஸ், சார்" என்றேன், யாரையும் கேட்காமல். மாமி மறுக்கவில்லை. அதிகாரி அங்கேயே, என் முதுகை மேஜையாக வைத்துக்கொண்டு, குழாயால் தொந்தரவு இல்லை என்று எழுதினார். (குனிந்து நின்றது அன்று எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.) போகும்போது பேனரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பழக்கதோஷம்.

அந்த வருடம் எங்கள் கட்டடத்தில் வடாமே கிடையாது. மொத்தத்தையும் குப்பையில் கொட்டினோம். அடுத்த பங்குனியில் வேஷ்டி மாடிக்குத் திரும்பியது. கேட்டை மறிக்கிற பைக்குகளைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அது ஓயவும் வேண்டாம், மாமிக்குப் பொழுது போக வேண்டும்.

ஒரு மழைநாளில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கடையின் ஓர மேஜையில் உட்கார்ந்து, நூடுல்ஸை முள்கரண்டியால் சுழற்றத் தெரியாமல் சுழற்றிக்கொண்டிருந்தார். எதிரே ஷாகுல் நின்றுகொண்டிருந்தார், உட்காராமல். என்னைப் பார்த்ததும், "எங்க வாப்பா சார்" என்றார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புக் கம்மி" என்றார் என்னிடம், ரகசியம் சொல்வதுபோல. ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். மெஷினில் இப்போது வேறு ஆளை உட்கார வைத்திருக்கிறாராம்.

நான் மட்டும் தப்பவில்லை. எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது தேர்தல் முடிவாக இருக்கட்டும், ரயில் நேரமாக இருக்கட்டும், சித்ரா எதிர்த்துப் பேசுவதில்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி நீட்டி, மெதுவாக ஒரு முறை புரட்டிக் காட்டுகிறாள். திருப்பிப் பார்த்தாயா என்று அர்த்தம். முதலில் அவள் மட்டும் செய்துகொண்டிருந்தாள். பிறகு மகள், மாப்பிள்ளை, அலமேலு மாமி.

போன வாரம் கடைக்குப் போனேன். பக்கத்து மேஜைப் பையன்களிடம், "ஷெஸ்வான்னா பூண்டுதான் முக்கியம், அந்த வாசனை எனக்கு நன்னாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் நின்ற ஷாகுல் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த கரண்டியை மட்டும் உயர்த்தி, காற்றில் நிதானமாக ஒரு முறை திருப்பினார்.